ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மூத்த ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்த வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன். எத்தனை கூட்டம், எத்தனை மனு, எவ்வளவு சந்தா என்பதோடு செயலாளர் அறிக்கை முடிந்துவிடுவது வழக்கம். இந்த முறை அவற்றை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை நாம் நடத்திய நினைவுப் பகிர்வுக்கு மீதி நேரத்தை எடுத்துக்கொள்கிறேன். அங்கே பேசியதெல்லாம் இப்போதைக்கு இரண்டு நோட்டுப் புத்தகங்களிலும் என் பேரன் பதிவு செய்த கைப்பேசியிலும்தான் இருக்கிறது. சங்கத்தின் அறிக்கையிலும் கொஞ்சம் ஏறட்டும் என்று நினைத்தேன்.

இந்த ஆண்டில் நால்வரை இழந்தோம். நால்வருமே நம் ஒன்றியத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தியவர்கள். அவர்களில் ஒருவர் ஆகஸ்ட் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினார், பொங்கலுக்குப் பிறகு போய்விட்டார். இன்னும் இருவர் பேசுகிறேன் என்று சொல்லி, முழங்கால் வலி, கண் அறுவை என்று தள்ளிக்கொண்டே போனார்கள். அவர்கள் வீட்டுக்கே நான் போயிருக்க வேண்டும். போகாதது என் தவறு. இனி நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கு நாமே போவது என்று பிப்ரவரிக் கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறோம்.

அப்புறம் வழக்கமான பணிகள். ஓய்வூதியர் உயிரோடு இருப்பதை உறுதி செய்யும் ஆண்டு நேர்காணலுக்கு விரல் ரேகை பதியாமல் அலைந்த உறுப்பினர்களுடன் நம் இளைய உறுப்பினர்கள் கூடவே போய் வந்தார்கள். 80 வயது நிறைந்தால் 20 விழுக்காடு கூடுதல் ஓய்வூதியம் உண்டு என்பது தெரியாமலே ஓர் அம்மா இரண்டு ஆண்டுகளைக் கடத்தியிருக்கிறார். மனு எழுதிக் கொடுத்தோம், நிலுவையும் சேர்ந்தே வந்தது. இதை ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன்: வீட்டில் 80 நெருங்குகிறவர்கள் இருந்தால் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மருத்துவக் காப்பீட்டில் ஒரு தனியார் மருத்துவமனை முழுப் பணத்தையும் கட்டச் சொன்ன விஷயத்தில் ஒரு பகுதிதான் திரும்பக் கிடைத்திருக்கிறது, மீதிக்கு முயற்சி நடக்கிறது. 1-4-2003-க்குப் பிறகு பணியில் சேர்ந்து பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்கள் இனி ஒவ்வொருவராக ஓய்வு பெற்று நம்மிடம் வருவார்கள். மாத ஓய்வூதியம் இல்லாத உறுப்பினருக்குச் சந்தா வாங்குவதா என்று கேள்வி எழுந்தது. வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து, பொதுக்குழு முடிவெடுக்கட்டும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

சரி, சனிக்கிழமைகளுக்கு வருகிறேன்.

தொடங்கும்போது ஒரே ஒரு கேள்விதான் வைத்திருந்தோம். பணிக்காலம் முழுவதிலும் உங்களால் மறக்க முடியாத பிள்ளை யார்? டாக்டர் ஆனவர், தாசில்தார் ஆனவர், வெளிநாட்டில் இருந்து வந்து காலில் விழுந்தவர் என்றுதான் சொல்வார்கள் என எதிர்பார்த்தோம். நம் எல்லோருக்கும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிப் பேச நமக்குப் பிடிக்கும். ஆனால் முதல் கூட்டத்தில் பேசிய 87 வயது ஐயா தொடங்கி ஒருவர் விடாமல், பாதியில் நின்றுபோன பிள்ளையைப் பற்றியே பேசினார்கள். வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் நாமே அடித்த பெயர்.

ஐயா 1957-ல் வேலைக்குச் சேர்ந்தவர். அப்போது புதுக்கோட்டை மாவட்டமே கிடையாது, 1974-ல்தான் பிறந்தது. நம் ஊர்களெல்லாம் திருச்சி மாவட்டத்தில் இருந்தன. ஜில்லா போர்டுப் பள்ளி, கூரைக் கொட்டகை, ஓராசிரியர். ஒன்றாம் வகுப்பு மணலில் விரலால் எழுதும், இரண்டாம் வகுப்பு சிலேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், மூன்றாம் வகுப்பை மரத்தடியில் வாய்ப்பாடு ஒப்பிக்க விட்டிருப்பார். கரும்பலகை வெளுத்துப் போனால் ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துப் பூசுவது சனிக்கிழமை வேலை. சேர்க்க வரும் பிள்ளைக்கு வயது தெரியாது. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும், தொட்டால் ஐந்து வயது. பிறந்த தேதியைக் கேட்டால், "கண்மாய் உடைஞ்ச வருஷம், அறுப்புக்கு முன்னாடி" என்பாள் அப்பத்தா. இவர் கணக்குப் போட்டு ஜூன் மாதத்தில் ஐந்து முடியும்படி ஒரு தேதி எழுதுவார். அந்தப் பிள்ளைகளில் அரசு வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் அந்தத் தேதியை வைத்தே ஓய்வு பெற்றார்கள். "அவங்க ஓய்வுத் தேதியையும் அன்னைக்கே நான் எழுதிட்டேன்" என்று ஐயா சொன்னபோது, நாம் எல்லோருமே அப்படி எழுதியவர்கள்தான் என்பது ஞாபகம் வந்தது.

அவர் சொன்ன பிள்ளை வேறு. காமராசர் காலத்து மதிய உணவு 1956-ல் எட்டயபுரத்தில் தொடங்கியதை நாம் அறிவோம். கொஞ்ச நாளில் இவர் பள்ளிக்கும் வந்தது. ஊரில் வீடு வீடாகப் பிடி அரிசி வாங்கி, பள்ளிக்குப் பின்னாலேயே அடுப்பு வைத்துச் சமைத்தார்கள். 1961-க்குப் பிறகு கேர் (CARE) என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் உதவிப் பொருள்களும் வரத் தொடங்கின. ஆனால் அப்போது பள்ளியில் உள்ள எல்லோருக்கும் சாப்பாடு கிடையாது. மிகவும் ஏழைப் பிள்ளைகளாகப் பார்த்து ஆசிரியர் பெயர் எழுத வேண்டும். ஒரு பையனின் அப்பாவுக்கு ஒரு ஜோடி உழவு மாடு இருந்ததால் அவன் பெயரை ஐயா எழுதவில்லை. அடுத்த வருஷம் மழை பொய்த்தது, மாட்டை விற்றார்கள். பையன் மதியம் மற்றவர்கள் சாப்பிடும்போது வேலிப் பக்கம் போய் நிற்பான். ஐயா பெயர் சேர்க்க மேலிடத்துக்கு எழுதினார். பதில் வருவதற்குள் அவன் வருவதே நின்றுவிட்டது. "நான் எழுதாம விட்ட பேருய்யா அது" என்றார். 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, அந்தப் பையன் நின்ற வேலியில் என்ன செடி இருந்தது என்பது வரைக்கும் சொல்கிறார்.

1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது பலர் பலவிதமாகப் பேசினார்கள். பள்ளிக்கூடம் சோற்றுக்கூடமாகிவிட்டது என்று ஆசிரியர்களிலேயே சிலர் சொன்னதுண்டு. ஐயாவிடம் அதைக் கேட்டோம். "யாருக்குன்னு நான் பேர் எழுத வேண்டியதில்ல. அது ஒண்ணு போதும்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பதிலுக்குப் பிறகு கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

செப்டம்பர் மாதம் பேசிய டீச்சருக்கு இப்போது 81 வயது. 1964-ல் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தவர். ஊராட்சி ஒன்றியத்துச் சம்பளத்தில் தொடங்கி, 1981-ல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானபோது கிட்டத்தட்டப் பாதிப் பணிக்காலத்தைக் கடந்திருந்தார். அவர் எழுத்துச் சீர்திருத்தம் பற்றிப் பேசினார். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1978 வரை ணை, லை, ளை, னை ஆகிய நான்குக்கும் முன்னால் ஒரு சுழி வளைந்து தொங்கும். பிள்ளைகளுக்கு அதைத் தும்பிக்கை என்றுதான் சொல்லிக் கொடுப்போம். யானை என்று எழுதினால் அந்தச் சொல்லிலேயே ஒரு தும்பிக்கை இருக்கும். அதனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூட அந்த எழுத்து மறக்காது என்றார் டீச்சர். ணா, றா, னாவுக்கும் காலுக்குப் பதிலாகச் சுழித்த வடிவம் இருந்தது. பெரியார் நெடுங்காலம் தம் பத்திரிகைகளில் அச்சிட்டு வந்த வடிவங்களை, அவருடைய நூற்றாண்டையொட்டி 1978-ல் அரசு ஏற்றுக்கொண்டது. மொத்தம் 13 எழுத்துகள் மாறின.

மாற்றம் நல்லது என்பதில் டீச்சருக்குச் சந்தேகம் இல்லை. பிள்ளைகளுக்கு நினைவில் வைக்க வேண்டிய விதிவிலக்குகள் குறைந்தன. ஆனால் 14 ஆண்டுகள் பழகிய கை கரும்பலகையில் தானாகச் சுழிக்கும், பாதியில் நிறுத்தி அழித்து எழுதுவார். மூன்றாம் வகுப்பு பழைய எழுத்தும் ஒன்றாம் வகுப்பு புது எழுத்துமாக ஒரே அறையில் சில மாதங்கள் ஓடியிருக்கின்றன.

ஓய்வுக்குப் பிறகு டீச்சர் வங்கிக்குப் போகும்போதெல்லாம் படிவம் நிரப்பித் தரச் சொல்லி ஊர்க்காரர்கள் சுற்றிக்கொள்வார்கள். ஒரு நாள் நூறு நாள் வேலைச் சம்பளம் எடுக்க வந்த ஒரு பெண்மணி, கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடுவேன் என்று மெதுவாக எழுதினார். பெயரின் நடுவில் ஒரு ணா வரும். அதைச் சுழித்த வடிவத்தில் எழுதினார். டீச்சர் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தாராம். இவரிடம் மூன்றாம் வகுப்பு வரை படித்து, தம்பி பிறந்ததும் அவனைத் தூக்கி வைத்துக்கொள்ள வீட்டோடு நின்றுபோன பிள்ளை. புது ணா வருவதற்கு முன்பே நின்றுவிட்டதால் அந்த எழுத்து அவள் கையில் மாறவே இல்லை. எந்த வருஷத்தோடு படிப்பு நின்றது என்று அந்த ஓர் எழுத்து சொல்கிறது. "நான் சொல்லிக் கொடுத்ததை அப்படியே வச்சிருக்கா, அதுக்கு மேல நான் ஒண்ணும் கொடுக்கல" என்று சொல்லி டீச்சர் அழுதுவிட்டார். கொடுத்திருக்கிறீர்கள் டீச்சர் என்று அன்றைக்கே சொன்னேன். கைநாட்டுக்கும் அந்தக் கையெழுத்துக்கும் நடுவில் உள்ள தூரம் நமக்குத் தெரியும்.

என் முறை நவம்பரில் வந்தது. நான் 1984-ல் சேர்ந்து 34 ஆண்டுகள் வேலை பார்த்தவள். முதல் ஆண்டே என் ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கணக்கில் என்னைவிட வேகம். ஆண்டு இறுதிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஆட்டோடு போய்விட்டாள். நான் மூன்று முறை வீட்டுக்குப் போனேன். மூன்றாம் முறை அவள் அம்மா, "ஏ டீச்சரு, ஆட்டை நீ மேய்க்கிறியா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே வேறு வழி என்ன என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த மாத இறுதியில் சிவப்பு மையால் அடித்தேன்.

1991-ல் படிக்காத பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் அறிவொளி இயக்கம் நம் மாவட்டத்தில் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். பகலில் பள்ளி, இரவில் அரிக்கேன் விளக்கில் அறிவொளி மையம் என்று நம்மில் பாதிப் பேர் ஓடினோம். ஒரு மையத்தில் முதல் நாள் பெயர் எழுதிக்கொண்டிருக்கும்போது, இடுப்பில் ஒரு குழந்தையோடு அவள் வந்து நின்றாள். கற்றுக்கொள்ள வந்தவள் என்று நினைத்தேன். "நான் சொல்லிக் கொடுக்கலாமா டீச்சர்?" என்று கேட்டாள். எங்கள் ஊர் மையத்தின் தொண்டர் அவள்தான். கல் உடைக்கப் போகும் பெண்களும் நடவுக்குப் போகும் பெண்களும் அவளிடம் பட்டா, படி என்று எழுத்துக் கூட்டினார்கள். அந்தக் காலத்தில்தான் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளில் ஏறியதை நாடே பேசியது. எனக்குச் சைக்கிளின் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவள் அவள். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை பள்ளிக்குச் சைக்கிளில்தான் போனேன். 1992-ல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டபோது எல்லோரும் மேடையைப் பார்த்துக் கை தட்டினார்கள், நான் அவளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இதைச் சொல்லும்போதே ஓர் உறுப்பினர் சரியான கேள்வி கேட்டார்: அப்படியென்றால் நின்றுபோனதில் குறை இல்லையா? இருக்கிறது. ஐந்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் பின்னால் சத்துணவு உதவியாளர் வேலைக்கு அவளால் மனுப் போட முடியவில்லை. அறிவொளி கொடுத்ததைப் பெருமையாகச் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மற்ற கூட்டங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நோட்டில் முழுமையாக இருக்கிறது. 1987-ல் வந்த கரும்பலகைத் திட்டத்தில் இரண்டாவது அறையும் இரண்டாவது ஆசிரியரும் கிடைத்ததை ஒருவர் சொன்னார். ஐந்து வகுப்புகளையும் தனியாக நடத்தியவருக்கு இன்னொரு பெரிய ஆள் முகம் பள்ளியில் தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நமக்குத்தான் புரியும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வாக்காளர் பட்டியல், வாக்குச்சாவடி என்று பள்ளிக்கு வெளியே செய்த வேலைகளை இன்னொருவர் வரிசையாகச் சொன்னார். 2018 நவம்பரில் கஜா புயல் நம் பகுதியைப் புரட்டிப் போட்டபோது விழுந்த பள்ளி வேப்பமரத்தைப் பற்றி ஒரு டீச்சர் பேசினார். அந்த மரத்தடியில்தான் அவர் 20 ஆண்டுகள் வகுப்பு எடுத்திருந்தார்.

பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தம் வேகத்தில் படிப்படியாகத் தாமே கற்கும் செயல்வழிக் கற்றலைப் பற்றி மட்டும் நீண்ட விவாதம் நடந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது, ஆந்திராவில் உள்ள ரிஷிவேலி பள்ளியின் முறையைப் பார்த்துத் தொடங்கியது. 2007-ல் மாநிலம் முழுவதும் வந்தது. அட்டைகள், ஏணிப் படிகள், தரையை ஒட்டிய கரும்பலகை. பாயில் உட்காருங்கள் என்று நம்மிடம் சொன்னார்கள். 25 ஆண்டுகள் நின்றே பாடம் நடத்தியவர்களுக்கு அது சுலபமாக இல்லை. அட்டை கிழிந்தால் மாற்று வராது, ஒரே ஆசிரியர் நாற்பது பிள்ளைகளின் நாற்பது படிகளைக் கவனிக்க முடியாது என்று சிலர் சொன்னது உண்மை. ஆனால் ஓர் ஐயா சொன்னதை நான் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். பாயில் உட்கார்ந்த பிறகுதான் ஒரு பிள்ளைக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்பதைக் கண்டுபிடித்தாராம். அட்டையை மூக்குக்கு அருகில் வைத்துப் படித்திருக்கிறான். "நின்னுக்கிட்டிருந்த காலத்துல இப்படி எத்தனை பேரை மக்குன்னு சொல்லியிருப்பேன்" என்றார். இரண்டு நாள் விடாமல் வரவில்லை என்றால் தேடிப் போகும் நாம், வகுப்பிலேயே உட்கார்ந்துகொண்டு நின்றுபோன பிள்ளைகளைப் பார்க்கவில்லை என்பது அன்றைக்குப் பேசியவர்கள் எல்லோர் மனத்திலும் தைத்தது.

பிப்ரவரியில் இப்போது பணியில் உள்ள இளைய ஆசிரியர்களை அழைத்திருந்தோம். காலை உணவு 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் நடப்பதால், முதல் மணி நேரத்தில் தூங்கி விழும் பிள்ளைகள் குறைந்திருக்கிறார்கள் என்றார்கள். அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சி நூல்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவில் போகும் நேரத்தைப் பற்றி வருத்தத்தோடு சொன்னார்கள். "உங்களுக்குப் பிள்ளைகள் நிறைய, பதிவேடு குறைவு. எங்களுக்குத் தலைகீழ்" என்றார் ஒரு தம்பி. அவர் பள்ளியில் மொத்தமே 14 பிள்ளைகள். எதிரே தனியார் பள்ளி வேன் மூன்று நடை வருகிறது. நம் காலத்தில் பிள்ளை ஆட்டோடு போனான், இன்று வேனில் போகிறான். அவன் படிக்கத்தானே போகிறான் என்று நாம் ஆறுதல் சொன்னோம், ஆனால் பள்ளி மூடப்பட்டால் வேனுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை எங்கே போவான் என்று அவர் திருப்பிக் கேட்டார். நம்மிடம் அதற்குப் பதில் இல்லை. சங்கத்தின் சார்பில், பிள்ளைகள் குறைந்த பள்ளிகளுக்கு வாரம் ஒரு நாள் நம்மில் இருவர் போய் வாசிப்புக்கு உதவ, தலைமையாசிரியர்களின் அனுமதியோடு ஜூனில் தொடங்குகிறோம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.

இன்னொரு முடிவும் எடுத்திருக்கிறோம். இதுவரை நாம் பேசியது முழுவதும் ஆசிரியர் பக்கத்துக் கதை. பெயர் அடிக்கப்பட்டவர்கள் பக்கத்தில் என்ன நடந்தது என்று நாம் ஒருவரையும் கேட்கவில்லை. வரும் ஆண்டில் நம் ஊர்களில் அப்படிப்பட்டவர்களைத் தேடிப் போய், அவர்கள் விரும்பினால் மட்டும், பேச அழைப்போம். குற்ற உணர்வில் அவர்களை மேடையேற்றி நாம் நிம்மதி தேடக் கூடாது என்று தலைவர் எச்சரித்திருக்கிறார். அது சரியான எச்சரிக்கை. ஆகவே மேடை இல்லை, மாலை இல்லை, வட்டமாக நாற்காலி போட்டு உட்காருவோம்.

முதலில் என் ஐந்தாம் வகுப்புப் பெண்ணையே கேட்டேன். இப்போது அவளுக்கும் 50 தாண்டிவிட்டது, பேத்தி பள்ளிக்குப் போகிறாள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும் என்பதால், ஜூன் இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டம் நான்கு மணிக்குப் பதிலாக மாலை ஆறரை மணிக்குத் தொடங்கும். இரவு திரும்பிப் போக வாகன வசதி தேவைப்படும் மூத்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.

செயலாளர்